நிலத்தைப் படித்து வரைவது: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுநிலை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதுநிலை ஸ்டூடியோக்களில் அடிக்கடி காணும் காட்சி இது. சுவரில் பத்துப் பன்னிரண்டு தாள்கள்: மண், சரிவு, காற்று, வெயில், நடமாட்டம், மரங்கள். ஒவ்வொன்றும் வண்ணம் தீட்டி நேர்த்தியாக இருக்கும். பக்கத்தில் இறுதி வடிவமைப்பு. அந்தத் தாள்கள் அத்தனையையும் கழற்றிவிட்டாலும் அந்த வடிவமைப்பில் ஒரு கோடுகூட மாறியிருக்காது. தள ஆய்வு தனியாகவும் வடிவமைப்பு தனியாகவும் நடந்து முடிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: இந்தத் தகவல் தெரிந்ததால் பிளானில் எந்தக் கோடு நகர்ந்தது? ஆய்வுத் தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் இதற்கான பதிலை ஒரு வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் ஆய்வு இன்னும் முடியவில்லை, அல்லது அந்தத் தாள் தேவையே இல்லை.

படி 1: எல்லைக்கோட்டை மறந்துவிட்டு நீர்ப்பிடிப்பை வரையுங்கள்

ஆசிரியர் தரும் வரைபடத்தில் தடித்த கோடு ஒன்று தளத்தைச் சுற்றி ஓடும். அது சட்டத்துக்கான எல்லை. தண்ணீருக்கோ விதைக்கோ பறவைக்கோ அந்தக் கோடு தெரியாது. அதனால் முதல் வரைபடம் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கட்டும்.

சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை 1:5000 அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் மிகத் தாழ்வான புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து இரு பக்கமும், சம உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டியபடி மேட்டை நோக்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டே போங்கள். மேட்டின் முதுகில் இரண்டு கோடுகளும் சந்திக்கும். அந்த வளையத்துக்குள் விழும் மழை எல்லாம் உங்கள் தளத்தைத் தேடி வரும். தளம் 2 ஹெக்டேராகவும் அதன் நீர்ப்பிடிப்பு 15 ஹெக்டேராகவும் இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் மேலே இருக்கும் 13 ஹெக்டேரின் தண்ணீருக்கு வழிவிடுவதுதான் உங்கள் முதல் வடிவமைப்பு முடிவு. ஒரு எச்சரிக்கை: நகரத்தில் சாலைகளும் மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களும் இந்த வளையத்தைத் திசைதிருப்பியிருக்கும். மேன்ஹோல் மூடிகளைத் தேடி, வளையத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு வெளியே நடப்பது எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு பாஸ்டன் நகரின் பேக் பே ஃபென்ஸ் நல்ல பாடம். ஃபிரெட்ரிக் லா ஓம்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கடல் ஓதம் வந்துபோகும் உப்புச் சதுப்பாக வடிவமைத்தார். வெள்ளத்தைத் தாங்குவது, சாக்கடை நாற்றத்தைத் தீர்ப்பது, பூங்காவாக இருப்பது என்று மூன்று வேலை அதற்கு. 1910இல் சார்ல்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அணை எழுந்ததும் ஓதம் நின்றது, நீர் நன்னீரானது, உப்புச் சதுப்புத் தாவரங்கள் மடிந்தன. வடிவமைப்பில் பிழை எதுவும் இல்லை. அதைத் தாங்கி நின்ற ஓதம் வேறொருவர் கையில் இருந்தது. உங்கள் வடிவமைப்பு எந்த வெளிச்சக்தியை நம்பி நிற்கிறது, அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று இந்தக் கட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

படி 2: அடிப்படை வரைபடத்தைச் சந்தேகப்படுங்கள்

கையில் கிடைத்த சர்வே எந்த ஆண்டினுடையது, மட்டங்கள் எந்த ஆதாரப் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டவை, வடக்கு அம்பு காந்த வடக்கா புவியியல் வடக்கா என்று பாருங்கள். களத்தில் மூன்று நீளங்களை டேப் வைத்து அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் பிசகினால் அச்சில் அளவு மாறியிருக்கிறது. தாறுமாறாகப் பிசகினால் சர்வேயையே நம்ப முடியாது.

கூடவே தளத்தின் கடந்தகாலத்தையும் தேடுங்கள். பழைய வான்படங்கள், தொழிற்சாலைப் பதிவுகள், பெயர் மாறிய தெருக்கள் எல்லாம் உதவும். சியாட்டிலின் கேஸ் வொர்க்ஸ் பார்க் 1975இல் திறக்கப்படும் முன் எரிவாயுத் தொழிற்சாலையாக இருந்த இடம். அதன் மண்ணில் தார்க் கழிவு ஊறியிருந்தது. அப்படிப்பட்ட வரலாறு தெரியாமல் மண்குழி வெட்டப் போனால் ஆபத்து உங்களுக்குத்தான். பழைய பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை, குப்பைமேடு என்று ஏதாவது தெரியவந்தால், ஆய்வகச் சோதனை முடியும்வரை மண்ணைக் கையால் தொட வேண்டாம்.

படி 3: நான்கு முறையாவது போங்கள்

காலை, மாலை, இரவு, அடைமழை விட்ட அரைமணி நேரத்தில். இந்த நான்கில் எதை விட்டாலும் மழைக்குப் பின் போவதை விடாதீர்கள். வரைபடத்தில் சமதரையாகத் தெரிந்த இடத்தில் குட்டை நிற்கும். யாரும் வரையாத ஓடையொன்று குறுக்கே ஓடும். சேறு படிந்த கோடு வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும்.

முதல் பயணத்தில் கேமராவை வெளியே எடுக்காமல் எல்லையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். அடுத்து உங்கள் காலடியை அளந்துகொள்ளுங்கள். 50 மீட்டர் டேப்பை விரித்து, இயல்பாக மூன்று முறை நடந்து, சராசரி எடுங்கள். 68 காலடி வைத்தால் ஒரு காலடிக்கு 73 செ.மீ. கிட்டத்தட்ட. அதன் பிறகு எங்கே போனாலும் அளவுகோல் கூடவே வரும்.

சரிவை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 2 மீட்டர் நேரான பலகை, அதன்மேல் ரசமட்டம், ஒரு ஸ்கேல் போதும். பலகையின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, மட்டம் நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால் சரிவு 5 சதவீதம். நாலைந்து இடங்களில் இப்படி அளந்துவிட்டு அதே இடங்களில் நடந்து பாருங்கள். 2, 5, 8 சதவீதம் என்ற எண்களைக் கால் பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகு கணினியில் 12 சதவீதப் பாதை ஒன்றைக் கூசாமல் வரைய முடியாது.

படி 4: மண்ணைத் தோண்டுங்கள்

மாணவர்கள் அதிகம் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். வடிவமைப்பை அதிகம் மாற்றுவதும் இதுதான். மண் வரைபடங்கள் பெரும் பரப்புகளுக்காகத் தோராயமாக வரையப்பட்டவை. நகரத்துத் தளத்தில் கட்டட இடிபாடும் வெளியிலிருந்து கொட்டிய மண்ணும் கலந்திருக்கும், எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

முதலில் இழைநயம், அதாவது மணல், வண்டல், களிமண் கலந்திருக்கும் விகிதம். ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை பாத்திரம் கழுவும் தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் இரண்டு மணி நேரத்தில் படியும். களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று அடுக்குகளின் உயரத்தை அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். மேல்மண்ணில் ஒன்று, 40 செ.மீ. ஆழத்தில் ஒன்று எனத் தனித்தனியாகச் செய்யுங்கள்.

அடுத்தது நீர் உறிஞ்சும் வேகம். 15 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டுங்கள். கடப்பாரையோ மண்வெட்டியோ பட்ட இடத்தில் களிமண் பக்கச்சுவர் மழமழவென்று பூசினாற்போல் ஆகிவிடும், தண்ணீர் உள்ளே போகாது. ஆணியால் சுவரைக் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 5 செ.மீ. சரளைக்கல் போடுங்கள். ஒருமுறை தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். மண் வறண்டிருந்தால் முதல் முறை ஏமாற்றும் வேகத்தில் குடித்துவிடும், அந்த அளவீடு எதற்கும் உதவாது. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகும்வரை தொடருங்கள். அரைமணியில் 20 மி.மீ. இறங்கினால் மணிக்கு 40 மி.மீ. பக்கச்சுவர் வழியாகவும் தண்ணீர் கசிவதால் உண்மை வேகம் இதைவிடக் குறைவு. கணக்குக்குப் பாதியை, 20 மி.மீ.யை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சோதனையைத் தரைமட்டத்தில் செய்துவிட்டு, 80 செ.மீ. ஆழமான மழைத்தோட்டத்துக்கு (மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் பள்ளமான தோட்டம்) அதே எண்ணைப் போடுவார்கள். மேல்மண் நன்றாக உறிஞ்சும், கீழே களி இருக்கும். தோட்டத்தின் அடிமட்டம் எங்கே வரப்போகிறதோ அந்த ஆழத்தில் சோதிக்க வேண்டும். மணிக்கு 13 மி.மீ.க்குக் கீழே போனால் அடியில் துளைக்குழாய் வடிகால் வேண்டும். தேங்கிய நீர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வடிந்தாக வேண்டும் என்பது பொதுவான வரையறை. அதற்கு மேல் நின்றால் வேர் அழுகும், கொசு பெருகும்.

இறுகலையும் பாருங்கள். ஈரமாக இருக்கும் நாளில் 8 மி.மீ. இரும்புக் கம்பியை உடல் எடை கொடுத்து அழுத்துங்கள். எங்கே நிற்கிறதோ அந்த ஆழத்தைக் குறியுங்கள். மண்ணின் எதிர்ப்பை அளக்கும் பெனெட்ரோமீட்டர் கிடைத்தால் 2 மெகாபாஸ்கலைத் தாண்டும் இடத்தில் வேர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்று கொள்ளலாம்.

படி 5: தண்ணீரைக் கணக்கிடுங்கள்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

8,000 ச.மீ. தளம். அதில் கூரையும் கல்தளமும் 3,000, புல்வெளி 5,000. மழை 40 மி.மீ. ஓட்டக் கெழு (விழும் மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவிடும் பங்கு) கல்தளத்துக்கு 0.9, புல்லுக்கு 0.2 என்று வைத்தால் முதலாவதிலிருந்து 108 கன மீட்டர், இரண்டாவதிலிருந்து 40. மொத்தம் 148 கன மீட்டர். இதை 20 செ.மீ. ஆழத்தில் தேக்க 740 ச.மீ. வேண்டும். ஓரங்கள் சரிவாக இருப்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். தளத்தில் பதினொன்றில் ஒரு பங்கு! பிளானின் ஓரத்தில் நீலப் பென்சிலால் வரைந்த சின்ன வட்டம் இதைத் தாங்காது என்பது இப்போது புரியும். இந்தக் கணக்கை முதல் மாதத்தில் போட்டால் தண்ணீர் வடிவமைப்பின் முதுகெலும்பாகும். கடைசி வாரத்தில் போட்டால் ஒட்டுப்போட்ட வேலையாகும்.

வடிகாலின் அளவுக்கு வேறொரு சூத்திரம்: ஓட்டக் கெழு, மணிக்கு மி.மீ.யில் மழை வேகம், ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். மேலே சொன்ன தளத்துக்குச் சராசரிக் கெழு 0.46. மழை வேகம் 60 என்றால் 0.46 × 60 × 0.8 ÷ 360, அதாவது வினாடிக்கு 61 லிட்டர். மழை வேகத்தை நாள் முழுதின் சராசரியிலிருந்து எடுக்கக்கூடாது. தளத்தின் கடைக்கோடித் துளி வடிகாலுக்கு வந்துசேர எத்தனை நிமிடம் ஆகுமோ, அத்தனை நிமிடக் கொட்டலின் வேகத்தை எடுக்க வேண்டும். சிறிய தளத்துக்கு இது பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

படி 6: வெயில், காற்று, இருக்கும் மரங்கள்

நண்பகல் சூரியனின் உயரக் கோணம்: 90 பாகையிலிருந்து, இடத்தின் அட்சரேகைக்கும் அன்றைய சூரியச் சாய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழியுங்கள். சாய்வு ஜூனில் வடக்கே 23.4, டிசம்பரில் தெற்கே 23.4. தெற்கை எதிர்ம எண்ணாகக் கொள்ளுங்கள். வட அட்சம் 40இல் டிசம்பர் நண்பகலில் கோணம் 26.6. அதன் டேன்ஜென்ட் 0.5. ஆகவே 12 மீட்டர் கட்டடம் 24 மீட்டருக்கு நிழல் போடும். கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட இடங்களில் ஆண்டின் ஒரு பகுதியில் நண்பகல் வெயில் எதிர்த்திசையிலிருந்து வரும் என்பதை மறந்து, ஒரே பக்கத்துக்கு மட்டும் நிழல் அமைப்பவர்கள் பலர்.

காற்றுத்தடுப்பு மரவரிசை அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை பலன் தரும். பாதி இடைவெளி உள்ள வரிசை முழுச் சுவரைவிட நல்லது, ஏனெனில் சுவரைத் தாண்டிய காற்று மறுபுறம் சுழன்று விழும்.

இருக்கும் மரங்களை வெறும் வட்டமாகக் குறித்துவிட்டுப் போகாதீர்கள். 1.5 மீட்டர் உயரத்தில் அடிமர விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். பிரிட்டனின் பி.எஸ். 5837 தரநிலைப்படி அதுவே வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரம். 40 செ.மீ. மரத்துக்கு 4.8 மீட்டர். அந்த வட்டத்துக்குள் மண்ணை வெட்டுவதோ கூட்டுவதோ கூடாது. 15 செ.மீ. மண் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். உணவு தேடும் மெல்லிய வேர்கள் மேல் அரை மீட்டரில்தான் இருக்கின்றன, காற்று குறைந்து மூச்சுத் திணறும். மரம் பட்டுப்போக நாலைந்து வருடம்கூட ஆகலாம். அதற்குள் காரணத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

படி 7: மனிதர்களை எண்ணுங்கள்

கேள்வித்தாள் கொடுக்கும் முன் உட்கார்ந்து கவனியுங்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எண்ணினால் போதும்: எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், தனியாகவா கூட்டமாகவா. ஒவ்வொருவரையும் பிளானில் ஒரு புள்ளியாக வையுங்கள். வில்லியம் வைட் 1970களில் நியூயார்க்கின் திறந்த சதுக்கங்களைப் படம்பிடித்துக் கவனித்தபோது, நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மக்கள் அதைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்கார்கிறார்கள் என்று கண்டார். இப்படிப்பட்ட சின்ன விஷயத்தை எந்தக் கேள்வித்தாளும் சொல்லாது. புல்லில் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளையும் அளந்து வரையுங்கள். யார் வரவில்லை என்பதையும் எழுதுங்கள்: இருட்டிய பிறகு பெண்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், முதியவர்கள்.

படி 8: தாள்களை அடுக்கும்போது கவனம்

மண், சரிவு, நீர், தாவரம் என்று தனித்தனித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்க்கும் முறையை 1960களில் இயன் மெக்ஹார்க் பரவலாக்கினார். இன்று அதே வேலையை ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் மென்பொருள் செய்கிறது. செய்வது சுலபமாகிவிட்டதால் தவறுவதும் சுலபமாகிவிட்டது.

சரிவுக்கு 1 முதல் 5, மண்ணுக்கு 1 முதல் 5 என்று தர எண் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, "அதிகம் வந்த இடம் கட்ட ஏற்றது" என்று முடிப்பது வழக்கம். தர எண் வெறும் வரிசை. 4 என்பது 2இன் இருமடங்கு இல்லை. சரிவின் 3க்கும் மண்ணின் 3க்கும் பொதுவான அளவும் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கும் இடம் மற்ற எல்லாவற்றிலும் 5 வாங்கினால் கூட்டலில் முதலிடம் பிடித்துவிடும். இதைத் தவிர்க்க, முதலில் விலக்கு விதிகளை வையுங்கள்: வெள்ளப் பகுதி, வேர்ப் பாதுகாப்பு வட்டம், 25 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவு ஆகியவற்றில் கட்டடம் கிடையாது. மிஞ்சிய இடத்தில் எண்ணைக் கூட்டாமல் வாக்கியமாக எழுதுங்கள்: "களிமண்ணும் சரிவும் சேர்ந்து வரும் இடத்தில் புல்மேடை வேண்டாம், மரக்கூட்டம் இருக்கட்டும்." வாக்கியமாக எழுதும்போது யோசித்தே ஆக வேண்டும்.

படி 9: மூன்று மாற்று, ஒவ்வொன்றிலும் ஒரே முடிவு வேறு

மூன்று மாற்று வடிவமைப்பு கேட்டால் பலரும் ஒன்றை நன்றாகவும் இரண்டை ஒப்புக்காகவும் வரைவார்கள். ஒரு பெரிய முடிவை மட்டும் மாற்றி மூன்று வரையுங்கள். உதாரணமாக, தண்ணீர் தளத்தின் நடுவே போவது, ஓரமாகப் போவது, பல சிறு குழிகளில் பிரிந்து நிற்பது. மற்றவை அப்படியே இருக்கட்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஒவ்வொரு மாற்றுக்கும் பிளானோடு 1:200 அளவில் இரண்டு வெட்டுமுகம் (நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் வரைபடம்) கட்டாயம். வெட்டுமுகத்தில் உயரத்தை மிகைப்படுத்தாதீர்கள். மிகைப்படுத்தினால் எல்லாச் சரிவும் மலையாகத் தெரியும், கண் ஏமாறும்.

முன்மாதிரிகளைப் படிப்பதும் இந்தக் கட்டத்தில்தான் உதவும். புகைப்படம் ஒட்டினால் போதாது. உங்கள் தளத்தின் அதே அளவில் மறுபடி வரைந்து மேலே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் ரசித்த பூங்கா உங்கள் தளத்தைவிட இருபது மடங்கு பெரிதாக இருக்கும். ஜெர்மனியில் பீட்டர் லாட்ஸ் வடிவமைத்த டூயிஸ்பர்க்-நோர்ட் பூங்காவை எடுத்தால், துருப்பிடித்த உலைகளின் அழகோடு நின்றுவிடாதீர்கள். திறந்த சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் கால்வாயின் கழிவுநீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டு, மேலே மழைநீருக்கு மட்டும் தனிக் கால்வாய் அமைத்திருக்கிறார்கள். அந்த வெட்டுமுகத்தை வரைந்தால்தான் பூங்கா புரியும்.

படி 10: கிரேடிங்

கிரேடிங் என்பது நிலத்தின் மட்டங்களை மாற்றி அமைப்பது. வடிவமைப்பு நிலத்தில் நிற்குமா என்பது இங்கேதான் தெரியும். நினைவில் வைக்க வேண்டிய வாட்டங்கள்: கல்தளத்துக்கு 1 முதல் 2 சதவீதம், புல்லுக்குக் குறைந்தது 2, பாதைக்கு 5க்குள், புல் வெட்டும் எந்திரம் ஏற 3க்கு 1 (3 மீட்டர் கிடைத்தூரத்தில் 1 மீட்டர் ஏற்றம்), மண் சும்மா நிற்க 2க்கு 1. சாய்தளத்துக்கு அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏ.டி.ஏ.வின் விதி 12க்கு 1, ஒவ்வொரு 760 மி.மீ. ஏற்றத்துக்கும் 1.5 மீட்டர் சமதளம். உங்கள் நாட்டு விதியைத் தனியாகப் பாருங்கள்.

முதலில் ஒரு அட்டைத் துண்டில் சரிவு அளவுகோல் செய்துகொள்ளுங்கள். 1:500 வரைபடம், அரை மீட்டர் இடைவெளிக் கோடுகள் என்றால்: 2 சதவீதத்துக்குக் கோடுகளுக்கிடையே 50 மி.மீ., 5க்கு 20, 12க்கு 1 சாய்தளத்துக்கு 12, 3க்கு 1க்கு வெறும் 3. அட்டையைப் பிளான்மேல் நகர்த்தினால் பிழை உடனே தெரியும்.

ஒரு எடுத்துக்காட்டு. சரிவில் 24 மீட்டர் அகலக் கட்டடம், தரைமட்டம் 100.00. பின்புறம் மேடு. மேட்டுத் தண்ணீர் நேராகச் சுவரில் வந்து மோதும். சுவருக்கு 3 மீட்டர் பின்னால் ஒரு ஆழமற்ற புல்வாய்க்கால் வேண்டும். அதன் உச்சி கட்டடத்தின் நடுவுக்கு நேரே, தரைமட்டத்துக்கு 20 செ.மீ. கீழே, 99.80இல். அங்கிருந்து இரு பக்கமும் 2 சதவீதத்தில் இறங்கட்டும். மூலையைத் தாண்ட 15 மீட்டர், எனவே 30 செ.மீ. இறக்கம், அங்கே மட்டம் 99.50. இந்த மூன்று எண்களை முதலில் வைத்துவிட்டு அதன் பிறகே சம உயரக் கோடுகளை வளையுங்கள். வாய்க்காலில் கோட்டின் கூர் மேட்டைப் பார்க்கும், மேட்டு முதுகில் பள்ளத்தைப் பார்க்கும். இது தலைகீழாக இருந்தால் வாய்க்கால் வரைவதாக நினைத்து வரப்பு வரைந்திருக்கிறீர்கள்.

மேல்மண்ணையும் கணக்கில் சேருங்கள். 2,000 ச.மீ. பரப்பில் 15 செ.மீ. வழித்தெடுத்தால் 300 கன மீட்டர். தோண்டிய மண் கால் பங்கு உப்பினால் 375. இரண்டு மீட்டருக்கு மேல் குவித்தால் அடியில் உள்ள உயிர்கள் சாகும், ஆகவே குறைந்தது 190 ச.மீ. இடம் வேண்டும். அந்தக் குவியல் உங்கள் பிளானில் எங்கே நிற்கும்? கட்டுமானக் கட்டத்துக்கான ஒரு தாள் இல்லாத வடிவமைப்பில், குவியல் பெரும்பாலும் நீங்கள் காப்பாற்ற நினைத்த மரத்தடியில்தான் போய்ச் சேரும்.

படி 11: நடவு

பட்டியலுக்கு முன் மண்ணின் கன அளவு. பெரிதாக வளரும் மரத்துக்கு ஏறக்குறைய 30 கன மீட்டர் தளர்வான மண் வேண்டும். 90 செ.மீ. ஆழம் என்றால் 33 ச.மீ. வழக்கமாக வரையும் 1.2 மீட்டர் சதுரக் குழியில் 1.3 கன மீட்டர்தான் இருக்கிறது. கல்தளத்துக்கு அடியில் மண்ணைத் தொடர்ச்சியாக விடுங்கள், அல்லது மரங்களைக் குறையுங்கள். பிளானில் முழு வளர்ச்சி வட்டத்தோடு, ஐந்தாம் ஆண்டு வட்டத்தையும் வரையுங்கள். திறக்கும் நாளில் நிழலே இருக்காது என்பது அப்போது கண்ணில் படும், இடைக்கால நிழலுக்கு வழி தேடுவீர்கள்.

படி 12: வரைந்ததைத் தரையில் இழுத்துப் பாருங்கள்

ஸ்டூடியோ பதினைந்து வாரம் என்றால் முதல் நான்கு வாரம் களத்துக்கு, அடுத்த இரண்டு மாற்றுகளுக்கு, ஐந்து வாரம் கிரேடிங்கோடு சேர்ந்த வளர்ச்சிக்கு, மூன்று வாரம் வரைபடங்களுக்கு. மிஞ்சும் ஒரு வாரம் பன்னிரண்டாவது வாரத்தில் வரட்டும், களத்துக்குத் திரும்பிப் போக.

முளைக்குச்சி, நூல் கண்டு, 50 மீட்டர் டேப், சுண்ணாம்புப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்று, முக்கியப் பாதையின் மையக்கோட்டையும் பெரிய திறந்தவெளியின் ஓரத்தையும் 5 மீட்டருக்கு ஒரு முளை அடித்து நூல் இழுங்கள். அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். வளைவு இறுக்கமாகத் தெரியும், தாளில் தாராளமாக இருந்த சதுக்கம் குறுகியிருக்கும், ஒரு மரக்கிளை முகத்தில் இடிக்கும். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவிட்டு அகலத்தைச் சோதியுங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப்போகக் குறைந்தது 1.5 மீட்டர், தாராளமாக என்றால் 1.8. முளையைப் பிடுங்கி நகர்த்தி, புதிய இடத்தை அளந்து, பிளானில் சிவப்பு மையால் திருத்துங்கள். அந்தச் சிவப்புக் கோடுகள் உள்ள தாளை அழிக்காமல் ஜூரிக்கு (இறுதி மதிப்பீட்டுக் குழு) கொண்டுபோய் மாட்டுங்கள்.